தலைவர் விழுந்தால் மட்டும்

விழுவதில் இரண்டு வகை உண்டு என்று இளம் தொழில்முனைவோர் உயர்வு வாரியம் தன் கையேட்டில் அச்சடித்து வைத்திருக்கிறது. எதிர்பாராமல் விழுந்தால் அது விபத்து. சம்பளம் வாங்கிக்கொண்டு விழுந்தால் அது வேலை. விபத்திலிருந்து ஆளைக் காப்பாற்றும் பொருளுக்கு வாரியம் பாதுகாப்பு முத்திரை குத்தும். வேலையிலிருந்து ஆளைக் காப்பாற்றும் பொருளுக்கு அங்கே முத்திரை கிடையாது. இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வதற்குள் மெத்தைக்காரிக்கு இரண்டு ஜோடி செருப்பு தேய்ந்துவிட்டது.

மெத்தைக்காரி என்பது படப்பிடிப்புத் தளத்தில் அவளுக்கு வைத்த பெயர். அப்பா சினிமாவில் சண்டைக்காரர். கதாநாயகன் மாடி விளிம்பில் நின்று வசனம் பேசுவார். குதிக்கிற நேரம் வந்ததும் இறங்கிப்போய்விடுவார். அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு அப்பா வந்து குதிப்பார். கீழே காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி, மேலே ஒரு படுதாவை விரித்திருப்பார்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒருநாள் பெட்டிகள் மழையில் ஊறிப்போயிருந்தன. யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. அப்பா இரண்டாவது மாடியிலிருந்து குதித்தார். அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்ச்சியில்லை. அன்றைய தள அறிக்கையில் ‘காட்சி ஒரே தடவையில் ஓகே’ என்று எழுதியிருந்தார்கள். எழுதியவன் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று அவள் பலமுறை யோசித்திருக்கிறாள். அதை இங்கே எழுத முடியாது.

அம்மா உடைப் பிரிவில் தையல்காரி. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவின் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைப்பாள். பத்தொன்பது வயதில், சண்டைக்காரர்கள் சட்டைக்குள் கட்டிக்கொள்ள முழங்கால் பட்டையும் முதுகுப் பட்டையும் தைத்து விற்க ஆரம்பித்தாள். நன்றாக ஓடியது. தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்தாள். அம்மா, இரண்டு தையல்காரிகள், நான்கு மெஷின்கள். இருபத்தாறு வயதில் பெரிய மெத்தையைத் தைத்து முடித்தாள்.

அந்த மெத்தைக்கு இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கில் காற்று இறுக்கமாக நிற்கும். மேல் அடுக்கில் பக்கவாட்டில் மடல்கள். ஆள் விழுந்த கணத்தில் மடல்கள் திறந்து காற்றை வெளியே விடும். அதனால் ஆள் பந்து மாதிரி எகிற மாட்டான், மெல்ல அமுங்குவான். முதலில் மணல் மூட்டைகளைப் போட்டாள். பிறகு அவளுடைய தம்பி குதித்தான். அவனும் அப்பாவின் தொழிலுக்குத்தான் வந்திருந்தான். வேண்டாம் என்று அக்கா போட்ட சண்டையெல்லாம் வீணாய்ப் போயிருந்தது. அறுபத்தொரு தடவை குதித்தான். அறுபத்தொரு தடவையும் எழுந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டான்.

அடுத்த மாதம் இருபதாம் தேதி ஒரு படத்துக்காக ஐந்தாவது மாடியிலிருந்து பதின்மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகக் குதிக்க வேண்டியிருந்தது. முதலில் குதிக்க வேண்டியவன் தம்பி. அவள் மெத்தையைத் தூக்கிக்கொண்டு தயாரிப்பு மேனேஜரிடம் போனாள்.

“மெத்தை நல்லாத்தான் இருக்கு. நானே படுத்துப் பாத்தேன், எந்திரிக்கவே மனசு வரல. ஆனா வாரியத்து முத்திரை இல்லையேம்மா.”

“அட்டைப்பெட்டிக்கு முத்திரை இருக்கா அண்ணே?”

“அட்டைப்பெட்டி சாதனம் இல்ல, குப்பை. குப்பைக்கு எதுக்கு முத்திரை? மெத்தை மேல விழுந்து ஏதாவது ஆச்சுன்னா ‘இத உள்ள விட்டது யாரு’ன்னு என் கழுத்தப் புடிப்பாங்க. குப்பை மேல விழுந்தா யாரும் யாரையும் எதுவும் கேக்க மாட்டாங்க.”

அவர் கெட்டவர் இல்லை. இப்படித்தான் அந்தத் தொழிலில் எல்லோரும் நல்லவர்களாக இருந்து தொலைக்கிறார்கள்.

வாரியத்தின் கூடம் முழுக்க இளம் தொழில்முனைவோரின் புகைப்படங்கள். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு, சற்றே பக்கவாட்டில் திரும்பி, தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் நாலரை மணி நேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த பிறகு, கதை ஆலோசகர் என்று பலகை மாட்டிய அறைக்குள் கூப்பிட்டார்கள். மெத்தையைப் பற்றி விளக்க அவள் வரைபடத்தை விரித்தாள். ஆலோசகர் அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார்.

“அதெல்லாம் அப்புறம். நீங்க எத்தனை தடவை தோத்தீங்க?”

“தோக்கல சார். முழங்கால் பட்டைல ஆரம்பிச்சோம், ஓடுச்சு. அந்தக் காசுல மெத்தை தைச்சோம்.”

ஆலோசகரின் முகம் சுண்டிப்போனது. “மூணு தோல்வி இல்லாம ஃபைல் மேல போகாதும்மா. அதுவும் நீங்க கேளிக்கைத் துறைலேர்ந்து வர்றீங்க. ஜனங்க ரொம்ப எதிர்பாப்பாங்க. சரி, யாராவது உங்களப் பாத்து சிரிச்சாங்களா? அவமானப்படுத்தினாங்களா?”

“சினிமாக்காரங்க பிள்ளைன்னு சொல்லி ஆறு பேர் வாடகைக்கு வீடு தரல சார்.”

“அது வேணாம். வீட்டுக்காரங்க சங்கத் தலைவர் நம்ம வாரியத்துல உறுப்பினர்.”

“எங்கப்பா விழுந்து எந்திரிக்க முடியாமப் போனது?”

ஆலோசகர் கொஞ்ச நேரம் யோசித்தார். மனசாட்சியோடுதான் யோசித்தார். “அது சோகம்மா. தோல்வி கிடையாது. சோகத்துக்கு வேற படிவம் இருக்கு, ஆனா அத நாங்க இப்ப வாங்குறதில்ல.”

கடைசியில் அவரே தன் கைப்பட மூன்று தோல்விகளை எழுதிக் கொடுத்தார். குடைக்கடை வைத்து ஒரு தோல்வி. மீன்தொட்டி வியாபாரத்தில் இரண்டாவது. மூன்றாவது மெழுகுவத்தித் தொழிற்சாலை, தீ விபத்தோடு. மெழுகுவத்தி எரிந்து நாசமானதைப் படித்தபோது அவருக்கே கண் கலங்கியது. அவள் கையெழுத்துப் போட்டாள். தம்பி குதிப்பதற்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

அடுத்தது வகைப்பாட்டு அதிகாரி. ஒல்லியான மனிதர், எதையும் சத்தமாகச் சொல்ல மாட்டார். விழுவதில் உள்ள இரண்டு வகைகளை அவர்தான் அவளுக்கு விளக்கினார்.

“விபத்துன்னா எதிர்பாராதது. உங்க தம்பி எதிர்பாத்துத்தானே குதிக்கிறாரு?”

“அடிபடும்னு எதிர்பாக்கலையே சார்.”

“அடிபடாதுன்னா மெத்தை எதுக்கு?”

“மெத்தை இல்லன்னா அடிபடும் சார்.”

“அப்ப அடிபடும்னு எதிர்பாக்குறாருன்னு ஆச்சே. எதிர்பாத்தா எப்படி விபத்து ஆகும்?”

அவர் பரிவோடு ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். கேளிக்கைத் துறை விபத்துப் பதிவேடு. பன்னிரண்டு வருடப் பதிவேடு. எல்லாப் பக்கமும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

“பாருங்க, ஒரு எழுத்து இல்ல. எவ்வளவு பாதுகாப்பான தொழில்!”

“எங்கப்பா ஒன்பது வருஷமா படுத்த படுக்கையா கிடக்கிறாரு சார்.”

அவர் மரியாதையாக ஒன்பது வருடத்துக்கு முந்தைய பக்கத்தைத் தேடி எடுத்தார். விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். “அவர் பேரு இதுல இல்லையேம்மா” என்றார். தப்பு அப்பாவின் மேல் என்பதுபோல இருந்தது அந்தக் குரல். அந்தப் புத்தகத்தைத் தூக்கி அவர் மண்டையில் போட்டிருந்தால் அன்றைக்காவது ஒரு வரி எழுதியிருப்பார்கள். அவள் போடவில்லை. அவளுக்கு முத்திரை வேண்டியிருந்தது.

மெத்தையில் காற்று இருக்கிறது. கேளிக்கைத் துறையில் பயன்படுகிறது. எனவே அதை ‘காற்றடைத்த விளையாட்டுப் பொருள்’ என்ற வகையில் சேர்த்தார்கள். பலூன், நீச்சல் வளையம், ஊதுபந்து ஆகியவற்றோடு அது நான்காவதாக உட்கார்ந்தது. விளையாட்டுப் பொருள் என்றால் குழந்தைகள் விழுங்கிவிட மாட்டார்கள் என்று மருத்துவர் சான்று தர வேண்டும். முப்பது அடி நீளம், இருபது அடி அகலம், ஏழடி உயரம் என்று அவள் அளவு சொன்னாள். அளவைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை என்றார் அதிகாரி. அவள் ஒரு குழந்தை மருத்துவரிடம் போனாள். அவர் மெத்தையின் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், “உங்களுக்குத் தூக்கம் சரியா வருதாம்மா?” என்று கேட்டார். அவள் உட்கார்ந்து அழ ஆரம்பித்ததும் அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இதெல்லாம் முடிந்தபோது தேதி பத்து. முத்திரை எங்கே என்று கேட்டாள். ஆண்டு விழாவில்தான் தருவார்கள் என்றார் ஆலோசகர். விழா பதினாறாம் தேதி. “உங்களுக்கு யோகம்தான். நம்ம வாரியத் தலைவரே உங்க மெத்தை மேல குதிக்கப்போறாரு. மேடைல, நாற்காலி மேல ஏறி நின்னு. இளைஞர்களுக்கு ஒரு தைரியம் வரணும்ல?”

நாற்காலியின் உயரம் ஒன்றேகால் அடி. அதற்கு வாரியம் செய்த ஏற்பாடுகளைச் சொல்ல வேண்டும். எலும்பு மருத்துவர் ஒருவர், இதய மருத்துவர் ஒருவர். வாசலில் என்ஜினை அணைக்காமல் ஓர் ஆம்புலன்ஸ். நாற்காலிக் கால்களைப் பிடித்துக்கொள்ள நாலு பேர். ஏழடி மெத்தைக்குப் பக்கத்தில் நாற்காலி சின்னதாய்த் தெரிந்ததால் காற்றைப் பாதிக்கு இறக்கச் சொன்னார்கள், பிறகு நாற்காலிக்குக் கீழே மேசையைப் போட்டார்கள், பிறகு மேசை ஆபத்து என்று எடுத்துவிட்டு மெத்தையை இன்னும் அமுக்கினார்கள். ஒத்திகை பார்க்கத் தலைவருக்கு நேரமில்லை. அவருடைய கோட்டைப் போட்டுக்கொண்டு தம்பி எட்டுத் தடவை நாற்காலியிலிருந்து குதித்தான்.

“கோட்டு நல்லாருக்குக்கா. உள்ள நாலு பாக்கெட் இருக்கு. நாலும் காலி” என்றான்.

பதினாறாம் தேதி தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். ஐம்பது நிமிடம் விடவில்லை.

“இந்தப் பொண்ணு மீன்தொட்டி வித்தா. மீன் செத்துப்போச்சு. மெழுகுவத்தி செஞ்சா. எரிஞ்சுபோச்சு. மனசு உடஞ்சாளா? இல்ல! வாரியத்த தேடி வந்தா! இளைஞர்களே, ஆபத்த நேசிங்க. நான் அப்படித்தான் வளந்தேன். எங்கப்பா என் கையில வெறும் மூணு கம்பெனியத்தான் குடுத்தாரு. நான் பயந்தேனா? மூணுல ஒன்ன இன்னிக்கும் நடத்திக்கிட்டிருக்கேன்!”

கைத்தட்டலில் கூரை அதிர்ந்தது. தலைவர் நாற்காலியில் ஏறினார். நாலு பேர் நாலு கால்களைப் பிடித்துக்கொண்டார்கள். தலைவர் கையைக் கட்டிக்கொண்டு, சற்றே பக்கவாட்டில் திரும்பி, தூரத்தில் பார்த்தார். புகைப்படக்காரர் கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

“சார், பின்னாடி பேனர்ல வாரியத்து பேரு மறையுது. ஒரே ஒரு அடி பின்னாடி போங்க சார்.”

படம் எடுக்கிறவர் சொன்னால் யோசிக்காமல் கேட்கிற பழக்கம் தலைவருக்கு நாற்பது வருடமாக இருந்தது. ஒரே ஒரு அடி பின்னால் போனார். நாற்காலிக்கு முன்னால் முப்பது அடி மெத்தை இருந்தது. பின்னால் தரை இருந்தது. கட்டிய கையைப் பிரிக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. பேனரில் வாரியத்தின் பெயர் முழுசாகத் தெரிந்தது.

கணுக்கால் பிசகி வீங்கியது, அவ்வளவுதான். அன்று மாலையே வாரியத்தின் அவசரக் கூட்டம் நடந்தது. பன்னிரண்டு வருடப் பதிவேட்டில், அன்றைய தேதிக்கான பக்கத்தில், முதல் வரியாக, வகைப்பாட்டு அதிகாரி அழகான கையெழுத்தில் தலைவரின் பெயரை எழுதினார். சம்பளம் வாங்காமல், எதிர்பாராமல் விழுந்த முதல் மனிதர். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல அத்தனை கச்சிதமான விபத்து. நாட்டிலுள்ள தலைவர்களின் பாதுகாப்பு இத்தனை காலம் இப்படிக் கவனிப்பாரற்றுக் கிடந்ததே என்று உறுப்பினர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வருந்தினார்கள். விளையாட்டுப் பொருள் இரவோடு இரவாகப் பாதுகாப்புச் சாதனமானது. மூன்று நாளில் முத்திரை வீடு தேடி வந்தது. மேடைகளுக்கென்று நாற்பது மெத்தைகளுக்கு ஆர்டரும் கூடவே வந்தது.

சான்றிதழை அம்மாதான் பிரித்தாள். கொட்டகையில் மெஷின்கள் நின்றன. மெத்தைக்காரி வாங்கிப் படித்தாள். ‘நிறுவனத் தலைவராகப் பதவி வகிப்போர் விழும்போது மட்டும் பயன்படுத்தத்தக்கது. தொழிலாக விழுவோருக்குப் பொருந்தாது.’

“எவ்வளவு உயரத்துலேர்ந்துன்னு போட்டிருக்கானா?” என்று அம்மா கேட்டாள்.

போடவில்லை. அவர்களுடைய யோசனை நாற்காலிக்கு மேலே போனதில்லை.

“நாற்பது ஆர்டர்மா. நாம நல்லா ஆயிட்டோம்” என்றாள் மகள். சொல்லிவிட்டுக் கத்திரியைத் தூக்கிச் சுவரில் எறிந்தாள். ஒருத்தன் கணுக்கால் வீங்கினதற்கு மூன்று நாளில் சட்டம் மாறுகிறது. ஒருத்தன் இடுப்பு போனதற்கு ஒன்பது வருடத்தில் ஒரு வரி ஏறவில்லை. கத்திரி பட்ட இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்தது. அம்மா எழுந்துபோய்க் கத்திரியை எடுத்து, முனை மழுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள்.

இருபதாம் தேதி காலை ஒன்பது மணிக்கு மெத்தை தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஐந்து மாடிக் கட்டடத்தின் கீழே அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அவள் முதலில் போய் அவற்றைத் தொட்டுப் பார்த்தாள். அடிப்பெட்டிகள் நமத்திருந்தன.

மேனேஜர் சான்றிதழைக் கண்ணாடி போட்டுப் படித்தார். போடாமல் ஒருமுறை படித்தார். “தலைவருக்கு மட்டும்னு இருக்கேம்மா.”

“இருக்குண்ணே.”

“உன் தம்பி தலைவர் இல்லையே?”

அவள் கைப்பையைத் திறந்து தன் கம்பெனியின் பெயர் அச்சடித்த தாளை எடுத்தாள். மெத்தையின் மேலேயே வைத்து எழுதினாள். ‘இன்று காலை 9.40 முதல் எங்கள் நிறுவனத்தின் தலைவராக என் தம்பி நியமிக்கப்படுகிறார்.’ தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, கம்பெனி முத்திரையையும் குத்தினாள். மேனேஜர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“பேப்பர் சரியாத்தான் இருக்கு” என்றார். முகத்தில் ஏதோ பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. “தலைவர் சார், மேல போங்க.”

தம்பி குதித்தான். மடல்கள் திறந்தன. காற்று புஸ்ஸென்று வெளியேறியது. தம்பி புரண்டு எழுந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டான். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

உடனே மேனேஜர் கையைத் தட்டினார். “மெத்தைய எடுங்கப்பா. பெட்டிய இழுத்துப் போடுங்க. அடுத்த ஆள்!”

“ஏண்ணே, மெத்தை இங்கதானே இருக்கு?”

“அவங்க தலைவர் இல்லையேம்மா. ஒரு கம்பெனிக்கு ஒரு தலைவர்தானே இருக்க முடியும்?”

மாடியில் அடுத்ததாக நின்றவள் கதாநாயகிக்குப் பதிலாகக் குதிக்கிற பெண். ஒன்றரை வயதுக் குழந்தையை உடைப் பிரிவில் விட்டுவிட்டு வந்திருந்தாள். மேலேயிருந்து பெட்டிகளை எட்டிப் பார்த்தாள். தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா அதற்குள் இரண்டாவது தாளை எடுத்துவிட்டாள்.

“நான் ராஜினாமா பண்றேன்க்கா” என்றான் தம்பி. “ஏழு நிமிஷம் பதவில இருந்தேன். நாட்டுக்கு என்னால முடிஞ்சதச் செஞ்சுட்டேன்.”

9.47 முதல் கதாநாயகிக்குப் பதிலாகக் குதிக்கிற பெண் தலைவரானாள். குதித்தாள், எழுந்தாள், கையெழுத்துப் போட்டு ராஜினாமா செய்தாள். அடுத்தவர் ஐம்பது வயது தாண்டியவர். அவளுடைய அப்பாவோடு சேர்ந்து குதித்தவர். தலைவர் பதவியைக் கையெழுத்திட்டு வாங்கினார். “வாழ்க்கைல முதல் பதவிம்மா” என்றார். மேனேஜர் ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பேப்பர் சரியாக இருக்கிறது என்று சொல்லி, ஒவ்வொருவரையும் சார், மேடம் என்று கூப்பிட்டு மேலே அனுப்பினார். எட்டாவது தலைவருக்கு அவரே பேனா கொடுத்தார். மதியச் சாப்பாட்டுக்குள் அந்தக் கம்பெனி பதின்மூன்று தலைவர்களைப் பார்த்துவிட்டது. அட்டைப்பெட்டிகளைக் குப்பை வண்டியில் ஏற்றினார்கள்.

பத்து நாளில் வாரியத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. ஒரே நாளில், அதுவும் இரண்டரை மணி நேரத்தில், பதின்மூன்று தலைவர்களை மாற்றிய நிறுவனத்தின் நிர்வாகம் ஆட்டங்கண்டிருப்பது தெளிவாகிறது. இத்தகைய நிறுவனத்தை இளைஞர்களுக்கு முன்மாதிரியாகக் காட்ட இயலாது. நாற்பது மெத்தைகளுக்கான ஆர்டர் நிறுத்திவைக்கப்படுகிறது. முத்திரையைத் திரும்பப் பெறாமல் இருக்க வேண்டுமானால் ஏழு நாளுக்குள் இணைப்பிலுள்ள படிவத்தை நிரப்பி அனுப்பவும்.

படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. பதவி விலகிய தலைவரின் பெயர். பதவி வகித்த காலம். பதவி விலகிய பின் அவருடைய தற்போதைய நிலை.

அவள் அன்றைக்கே உட்கார்ந்து எழுதினாள். பதின்மூன்று பெயர்களையும் தப்பில்லாமல் எழுதினாள். யார் எத்தனை நிமிடம் என்று தாள்களைப் பார்த்துச் சரியாகப் போட்டாள். மூன்றாவது கட்டத்தில், பதின்மூன்று வரியிலும், பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி ஒரே வார்த்தையை எழுதினாள். நடக்கிறார்.